தாத்தாவின் பழைய கைத்துப்பாக்கியை முறையாக வைத்துக்கொள்வது எப்படி? நீலகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரில் எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தன. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தாத்தா, எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் அவற்றை லைசென்ஸோடு வாங்கியிருந்தார். ஒன்று .455 வெப்ளி ரிவால்வர், மார்க் 6. பிரிட்டிஷ் ராணுவம் 1915இல் எடுத்துக்கொண்ட மாதிரி. இன்னொன்று .32 வெப்ளி அண்ட் ஸ்காட் பிஸ்டல். லண்டன் மாநகரப் போலீஸ் 1911 முதல் பயன்படுத்திய வகை.

2021இல் தாத்தா போய்விட்டார். காரியம் முடிந்து, சொத்துப் பேச்செல்லாம் ஓய்ந்து, பீரோவைத் திறந்தபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதமும் நாங்கள் சட்டப்படி குற்றவாளிகளாக இருந்தோம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் பின் ஒன்றரை வருடம் அலைந்தேன். பழைய ராணுவ, போலீஸ் கைத்துப்பாக்கிகள் மேல் ஆசை உள்ளவர்களும், என்னைப்போல வீட்டில் ஒன்று வந்து சேர்ந்தவர்களும் அதே அலைச்சல் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ராணுவமும் போலீசும் கழித்துக்கட்டிய கைத்துப்பாக்கிகளைக் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி வாங்கலாம் என்று தேடாதீர்கள். 'ஆர்மி சர்ப்ளஸ் பிஸ்டல், வெலிங்டன் சரக்கு' என்று வாட்ஸ்ஆப்பில் ஒருவர் படம் அனுப்பினால், ஒன்று அது மோசடி, இல்லையென்றால் திருட்டு ஆயுதம். இரண்டிலும் மாட்டுவது நீங்கள்தான். நம் ஊரில் இந்தச் சேகரிப்புக்கு இருப்பது இரண்டே வழி: வாரிசாக வருவது, அல்லது லைசென்ஸ் உள்ள ஒருவரிடமிருந்தோ டீலரிடமிருந்தோ லைசென்ஸோடு வாங்குவது.

1. கண்டெடுத்த அன்றே ஸ்டேஷனுக்குப் போங்கள்

லைசென்ஸ் ஆளுக்குக் கொடுப்பது. அவர் இறந்ததும் ஆயுதம் வீட்டில் இருப்பது சட்டவிரோதம் ஆகிவிடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. சாதாரண வகை ஆயுதத்தை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை; தடைசெய்யப்பட்ட வகை என்றால் இன்னும் அதிகம். 2019 திருத்தம் தண்டனையைக் கூட்டியது.

நீங்களே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, இறந்தவர் பெயர், லைசென்ஸ் எண், ஆயுதம் இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு காவலர்கள் வந்து, தோட்டா இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவரை யாரும் தொடக்கூடாது. காலியாகத்தான் இருக்கும் என்று ட்ரிக்கரை அமுக்கிப் பார்ப்பது பெரிய ஆபத்து. குழந்தைகள் உள்ள வீடாக இருந்தால் அந்த அறையையே பூட்டி வையுங்கள்.

பழைய தோட்டாக்களும் அதே கணக்குதான். தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். எங்கள் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினொரு தோட்டாக்கள் பச்சை பிடித்துக் கிடந்தன. அவற்றையும் கணக்கில் சேர்த்து ஒப்படைத்தோம். குப்பையில் போடவோ தோட்டத்தில் புதைக்கவோ நினைக்காதீர்கள்.

ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள். அதில் தயாரிப்பாளர் பெயர், குழல் அளவு, வரிசை எண், தோட்டா எண்ணிக்கை நான்கும் இருக்க வேண்டும். என் முதல் ரசீதில் 'பழைய துப்பாக்கி 2' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைத் திருத்தி வாங்கவே மூன்று நடை. எந்த ஆயுதத்தைக் கேட்கிறோம் என்று பின்னால் நிரூபிக்க அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.

ஒப்படைத்தாயிற்று என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. குறித்த காலத்துக்குள் உரிமை கோராவிட்டால் மாவட்ட மாஜிஸ்திரேட் உத்தரவால் அது அரசுக்குப் போய்விடும்.

2. குழல் அளவைக் கண்டுபிடியுங்கள்

இதில்தான் எல்லாமே நிற்கிறது. ஆயுதம் எவ்வளவு அழகானது, எந்தப் போரைப் பார்த்தது என்பதெல்லாம் சட்டத்துக்குத் தேவையில்லை. அது எந்தத் தோட்டாவைச் சுடும் என்பதுதான் கேள்வி. .380, .455 விளிம்புத் தோட்டாக்களையும், ராணுவத்தின் 9 எம்எம், .45 தோட்டாக்களையும் சுடக்கூடிய பிஸ்டலும் ரிவால்வரும் சட்டம் 'தடைசெய்யப்பட்டது' என்று சொல்லும் வகை. டீலர்களும் எழுத்தர்களும் 'பிபி' (புரொஹிபிட்டட் போர்) என்பார்கள். மற்றவை 'என்பிபி' (நான்-புரொஹிபிட்டட் போர்).

நம் மலையில் பழைய வீடுகளில் அகப்படக்கூடியவற்றை வைத்துச் சொல்கிறேன். வெப்ளி மார்க் 6 என்றால் .455, எனவே பிபி. 1932இல் வந்த என்ஃபீல்ட் நம்பர் 2, அதே காலத்து வெப்ளி மார்க் 4, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல், இவை மூன்றும் ராணுவத்துக்கும் போலீசுக்கும் போன .380 ரிவால்வர்கள். அவையும் பிபி. கனடாவின் இங்லிஸ் ஆலையில் செய்த 9 எம்எம் பிரவுனிங்கும் பிபி. வெப்ளி அண்ட் ஸ்காட் .32, கோல்ட் 1903 .32 ஆகியவை என்பிபி.

என்பிபி என்றால் கலெக்டர் முடிவெடுக்கலாம். பிபி என்றால் கோப்பு டெல்லிக்கு, மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். எங்கள் இரண்டு ஆயுதங்களும் ஒரே பீரோவில், ஒரே லைசென்ஸ் புத்தகத்தில் இருந்தவை. ஆனால் அவற்றின் பாதை இந்த இடத்தில் பிரிந்துவிட்டது. இது தெரியாமல் இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம் எழுதி நான்கு மாதம் வீணாக்கினேன். நீங்கள் தனித்தனியாக எழுதுங்கள்.

அளவும் வரிசை எண்ணும் பழைய லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும். ஸ்டேஷனில் அனுமதி கேட்டு, எழுத்தர் முன்னிலையில் குழல்மேல் பொறித்திருப்பதையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இருப்பதும் இரும்பில் இருப்பதும் ஓர் எண் மாறினாலும் அதை அப்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

3. வாரிசுக் காகிதங்கள்

சேர்க்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லோரும் நோட்டரி முன் கையெழுத்திட்ட ஆட்சேபனையின்மைக் கடிதம், அசல் லைசென்ஸ் புத்தகம், ஸ்டேஷன் ரசீது.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போய் வர எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. உண்மையில் அதிக நாள் பிடித்தது ஆட்சேபனையின்மைக் கடிதம். எனக்கு இரண்டு அத்தைகள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். துபாய் அத்தை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியிருந்தது. குடும்பத்தில் ஒருவருக்குச் சம்மதம் இல்லையென்றாலும் கோப்பு நகராது. ஆகவே முதலில் உறவுகளிடம் பேசுங்கள், பிறகு தாளை எடுங்கள். "அந்தச் சனியனை எதுக்குடா வீட்டில வைக்கிற?" என்று அத்தை கேட்டார். பூட்டி வைப்பேன், தோட்டா வாங்கமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பழைய புத்தகத்தில் யூஐஎன் எனப்படும் தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வருடங்களில் முதியவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். இல்லையென்றால் மறைக்காமல் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, தாத்தாவோ அப்பாவோ உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யலாம். 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, ஆயுதம் அவரிடம் 25 வருடம் இருந்திருந்தாலோ, அவர் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம். எங்கள் தாத்தாவுக்கு இரண்டுமே பொருந்தியது. யாருக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் பெரியவர் இருந்தால் இந்த வாரமே பேசுங்கள்.

4. கலெக்டர் ஆபீஸ் விண்ணப்பம்

தனிநபருக்கான விண்ணப்பம் படிவம் ஏ-1. உங்களுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அடையாளம், முகவரி, பிறந்த தேதிச் சான்றுகள், வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள், மனநலமும் உடல்நலமும் பற்றிய மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் சேரும். பயிற்சிக்கு நான் கோவைக்கு இறங்கினேன். எல்லாத் தாளிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊட்டி பிங்கர்போஸ்ட்டுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள். அன்று மக்கள் குறைதீர் நாள், கூட்டம் நிறைய இருக்கும். மே மாதமும் வேண்டாம். மலர்க் கண்காட்சியும் சீசன் கூட்டமுமாக, குன்னூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊட்டிக்குப் போய்ச் சேரவே அரை நாள் ஆகிவிடும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் இன்னும் சிக்கல். லைசென்ஸ் உள்ளவர்களையே ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லும் காலம் அது.

விசாரணைக்குப் போலீஸ் வீட்டுக்கு வரும். 'ஏன் வேண்டும்?' என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பாதுகாப்புக்கு, மிரட்டல் வருகிறது என்றெல்லாம் யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னால், மிரட்டியது யார், புகார் எங்கே என்று கேள்வி வளரும். 'தாத்தாவுடையது, குடும்பப் பொருளாக வைத்துக்கொள்ள' என்பது விதிகளே ஏற்கும் காரணம்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு மேல்முறையீடும் உண்டு. வாய்மொழியாக 'கிடைக்காது' என்று சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

என் .32க்கு விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து லைசென்ஸ் கைக்கு வர பதினொரு மாதம். அரசுக் கட்டணம் ஆயுத வகையைப் பொறுத்தது. அதைத் தவிர நோட்டரி, பயிற்சி, மருத்துவச் சான்று, நகல்கள், பஸ் செலவு என்று எனக்கு ஏறக்குறைய 14,000 ரூபாய் ஆனது. இதில் புரோக்கருக்கு ஒரு பைசாகூட இல்லை. ஆனால் நாற்பதாயிரம் கொடுத்தால் ஒரே மாதம் என்று ஒருவர் வந்தார். அப்படிக் கொடுத்த ஒருவரின் கையில் வந்த வெளிமாநில லைசென்ஸ் போலி என்று பிறகு தெரிந்தது.

5. காட்டோரம் குடியிருந்தால்

இதைச் சமவெளி டீலர்கள் சொல்லமாட்டார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் கொடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். கூடலூர், மசினகுடி பக்கம் இருப்பவர்களுக்கு முதுமலை வந்துவிடும். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும் என்பதால் முக்கூர்த்திக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். பழனி மலையில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் இருப்பதால் அங்குள்ளவர்களுக்கும் இதே கதைதான். இது தனிக் கோப்பாக வனத்துறை வழியே சுற்றி வரும். உங்கள் வீட்டுக்கும் எல்லைக்கும் உள்ள தூரத்தை முதலிலேயே விசாரித்து, விண்ணப்பத்தோடு குறிப்பிடுங்கள்.

குடகில் பலர் லைசென்ஸ் இல்லாமலே வைத்திருக்கிறார்களே என்று கூடலூரில் சிலர் கேட்பார்கள். அது குடகு இனத்தாருக்கும் 'ஜம்மா' எனப்படும் பரம்பரை உரிமை நிலம் உள்ளவர்களுக்கும் கொடுத்த தனி விலக்கு. எல்லை தாண்டி இங்கே வராது.

6. டெல்லிக்குப் போகும் கோப்பு

.455க்கான விண்ணப்பமும் மாவட்டத்தில்தான் தொடங்குகிறது. மாவட்டம், மாநில உள்துறை, பிறகு மத்திய உள்துறை. ஒவ்வொரு மட்டத்திலும் கடித எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் கேட்டால் யாராலும் தேடித்தர முடியாது. என்னுடையது இன்னும் டெல்லியில் இருக்கிறது. ரிவால்வர் எழுத்து அனுமதியோடு கோவையில் ஒரு டீலரிடம் இருக்கிறது. மாதாமாதம் காப்புக் கட்டணம் கட்டுகிறேன்.

காத்திருக்க மனமில்லை என்றால் வேறு வழிகள் உண்டு. தகுதியுள்ளவருக்கு மாற்றலாம். அரசிடம் ஒப்படைத்துவிடலாம். வரலாறு உள்ள பொருள் என்றால் ஏதாவது அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்கலாம். இப்படிப்பட்ட ஆயுதங்களைப் பார்த்துப் பழக வேண்டுமென்றால் கோவையில் பழைய ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. எழும்பூரில் 2021இல் திறந்த தமிழ்நாடு காவல் அருங்காட்சியகமும் உண்டு.

7. 'ரொம்பப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்' என்று சொன்னால்

என்னிடம் இப்படிச் சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர். சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாததாக அது இருக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் விலக்கு இல்லை. தாத்தாவின் வெப்ளிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இன்றும் அது சுடும்.

2020 பிப்ரவரியில் 'கியூரியோ' (அபூர்வப் பழம்பொருள்) வகைச் சிறு ஆயுதங்களை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு அறிவித்தது. அதிலும் பயன்படுத்தவோ எடுத்துச் செல்லவோ லைசென்ஸ் வேண்டும். உங்களுடையது அந்த வகையில் வருகிறதா என்பதை நீங்களே முடிவு செய்யாமல், கலெக்டர் ஆபீஸிலிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

சிலர் குழலை வெல்டிங் வைத்து அடைத்தால் போதும் என்பார்கள். லேத் பட்டறையில் கொடுத்து அப்படிச் செய்வது புதுக் குற்றத்தில் போய் முடியும். பாலிஷ் போடுவதும் அப்படித்தான். வரிசை எண் தேய்ந்துவிட்டால், அதை அழித்தது வைத்திருப்பவரே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தப் பழுதும் லைசென்ஸ் பெற்ற கடையில்தான். அப்புறம், சேகரிப்பவருக்கு அந்தப் பொறிப்புகள்தான் பொக்கிஷம். அம்புக்குறி அரசுடைமைக்கு அடையாளம், பக்கத்தில் ஆண்டு, சோதனை முத்திரை. அவற்றைத் தேய்த்த ஆயுதம் பளபளக்கும், ஆனால் அதன் கதை போய்விடும்.

8. இன்னொன்று வாங்க நினைத்தால்

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். வாரிசாக வந்ததும் இந்த இரண்டில் அடக்கம். பத்து, இருபது என்று அடுக்கும் சேகரிப்பு இங்கே நடக்காது. அதனால் இரண்டாவதை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டுப் பழைய .32களுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். இறக்குமதி பல ஆண்டுகளாக அடைபட்டிருப்பதே காரணம்.

தனியாரிடம் வாங்கினால், விற்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். 'இன்றே எடுத்துக்கொள்ளுங்கள், பேப்பர் பிறகு' என்பவரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். உதிரிக் குழல், சிலிண்டர் போன்றவையும் சட்டப்படி துப்பாக்கிக் கணக்கில்தான் வரும். பழைய இரும்புக் கடையில் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

ஆசை அடங்கவில்லை என்றால் தோல் உறை, கழுத்துக் கயிறு, பெல்ட், பழைய பயிற்சிக் கையேடு ஆகியவற்றைச் சேருங்கள். இவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம். என் அலமாரியில் இப்போது அதுதான் அதிகம்.

9. மலையிலிருந்து இறக்கும்போது

உங்கள் லைசென்ஸ் எந்த எல்லைவரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். நீலகிரிக்கு மட்டும் என்றால், பர்லியார் தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கிய நிமிடமே நீங்கள் எல்லைக்கு வெளியே. பழுது பார்க்கக் கோவை போவதென்றாலும் முதலில் அனுமதி வாங்குங்கள்.

மைசூர் பக்கம் போவதானால் இன்னொரு பொறி. தெப்பக்காடு வழிச் சாலை முதுமலைக்குள்ளேயும் பிறகு பந்திப்பூருக்குள்ளேயும் போகிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். லைசென்ஸைக் காட்டினால் மட்டும் போதாது.

10. பனியும் துருவும்

லைசென்ஸ் லாக்கரில் பத்திரமாக இருக்க, இரும்பைத் துரு தின்றுகொண்டிருக்கும். ஜூனில் தொடங்கும் மழையும், அது விட்டதும் வரும் வடகிழக்குப் பருவமும் நம் வீட்டுச் சுவரையே ஊற வைக்கின்றன. தோல் உறைக்குள் வைத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தாத்தாவின் .32இல் உறை பட்ட பக்கம் மட்டும் குழி குழியாக அரித்திருந்தது. இப்போது மெல்லிய எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றுகிறேன். மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு) தனியாக, வேறு பூட்டில். சாவி என்னிடமும் மனைவியிடமும் மட்டும். பெட்டிக் கதவின் உள்பக்கம் லைசென்ஸ் நகல், புதுப்பிக்க வேண்டிய தேதி, ஸ்டேஷன் போன் எண், எனக்கு ஏதாவது ஆனால் அன்றே ஒப்படைக்க வேண்டும் என்ற குறிப்பு நான்கையும் ஒட்டியிருக்கிறேன். லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முந்திய நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.